இல்லை என்றாவது சொல்லுங்கள்: ஒரு மனிதவளப் பிரிவுக்கு அம்பாசமுத்திரத்திலிருந்து திறந்த மடல்

மதிப்பிற்குரிய மனிதவளப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். நான் உங்கள் நிறுவனத்தில் வேலை கேட்டவன் அல்லன். கேட்கும் வயதையும் தாண்டிவிட்டேன். அம்பாசமுத்திரத்தில் ஒரு கணினி மையம் நடத்துகிறேன். ஜெராக்ஸ், லேமினேஷன், பட்டா நகல், தேர்வு விண்ணப்பம் என்று எல்லாம் உண்டு. கடையின் பின்பக்கம் பலகைத் தடுப்பு வைத்து ஓர் அறை பிரித்திருக்கிறேன். வீட்டில் இணையம் சரியாகக் கிடைக்காத பிள்ளைகள் அந்த அறையில் உட்கார்ந்துதான் உங்கள் இணையவழித் தேர்வை எழுதுகிறார்கள். உங்கள் அதிகாரிகளுக்குப் பதில் சொல்கிறார்கள். பலகை மெல்லியது. நீங்கள் கேட்பதும் அவர்கள் சொல்வதும் என் காதில் விழாமல் இருக்க வழியில்லை. "என் பலம் கடின உழைப்பு, என் பலவீனம் எல்லோரையும் எளிதில் நம்பிவிடுவது" என்று யூடியூபைப் பார்த்து மனப்பாடம் செய்த ஆங்கிலப் பதிலை இனி நானே தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பேன்.

நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. பாளையங்கோட்டையில் நடக்கும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களுக்கு வந்து மேஜை போடுகிறவர்கள் நீங்கள். படித்ததும் உங்களுக்கு உறைக்கும். உறைக்கவில்லை என்றால் வேறு யாருக்கோ எழுதியது என்று வைத்துக்கொண்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

கேட்க வந்தது ஒன்றுதான். ஒருவருக்கு வேலை இல்லை என்று முடிவு செய்துவிட்டால், அதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.

முக்கூடல் பக்கத்துப் பெண் ஒருத்தி. தாய் பீடி சுற்றுகிறவர். மகள் பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. கணினி அறிவியல் படித்தாள். முகாமில் உங்கள் மேஜைக்கு முன்னால் வரிசையில் நின்று பயோடேட்டா கொடுத்தாள். என் கடையில் உட்கார்ந்து இணையவழித் தேர்வு எழுதித் தேறினாள். அதற்குப் பிறகு தொலைபேசியில் ஒரு சுற்று, வீடியோவில் இரண்டு சுற்று. முதல் வீடியோ நேர்காணல் காலை 11 மணிக்கு என்று செய்தி வந்திருந்தது. பத்தரைக்கே தாயும் மகளும் கடைக்கு வந்துவிட்டார்கள். சித்திரை வெயில். மேஜை விசிறியின் இரைச்சல் உங்களுக்குக் கேட்கும் என்று அவளே அதை நிறுத்தினாள். சான்றிதழ்களை அடுக்கிய பிளாஸ்டிக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு, திரையில் சுற்றும் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்த நேரத்தில் நீங்கள் வந்துவிட்டால் என்ன செய்வது என்று தண்ணீர் குடிக்கக்கூட எழவில்லை. உங்கள் அதிகாரி திரையில் தோன்றியபோது மணி ஒன்றே முக்கால். தாமதத்துக்கு ஒரு வார்த்தை இல்லை. வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா, அன்றைய பீடிக் கணக்கு விட்டுப்போனதைப் பற்றி வாயே திறக்கவில்லை. "வந்துவிட்டார்களா அண்ணாச்சி?" என்று மட்டும் என்னிடம் கேட்டார்.

கடைசிச் சுற்றில் பேசியவர் நல்ல மனிதர். அதையும் சொல்லத்தான் வேண்டும். அவள் ஆங்கிலத்தில் தடுமாறியபோது தமிழில் சொல்லம்மா என்றார். "இரண்டு வாரத்தில் சொல்கிறோம்" என்று முடித்தார். அதன் பிறகு கிணற்றில் போட்ட கல்தான். உங்கள் தளம் கைப்பேசியில் ஒழுங்காகத் திறப்பதில்லை. எனவே சனிக்கிழமைதோறும் கடைக்கு வந்து பார்ப்பாள். பரிசீலனையில் உள்ளது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, பச்சை எழுத்தில். அடுத்த சனிக்கிழமையும் அதே பச்சை. இதற்கிடையே திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையின் பில்லிங் பிரிவில் இடம் இருக்கிறது, உடனே வந்து சேர வேண்டும் என்று கூப்பிட்டார்கள். உங்கள் பதில் வந்துவிடும், சம்பளமும் அதைவிடக் கூடுதல் என்று தாயும் மகளும் பேசி வைத்து, வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். எம்.எஸ்சி. சேர்க்கையும் அந்த மாதங்களிலேயே முடிந்தது. ஐப்பசி வந்தும் அந்த வரி மாறவில்லை. இதை எழுதுவதற்கு முன்புகூட அவள் கேட்டுக்கொண்டபடி உள்ளே போய்ப் பார்த்தேன். பச்சைதான்.

அவளுக்கு வேலை கொடுத்திருக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. யாரை எடுப்பது என்பது உங்கள் உரிமை. ஆனால் இல்லை என்ற பதில் ஆனி மாதத்திலேயே வந்திருந்தால் அவள் இன்று அந்த மருத்துவமனையில் சம்பளம் வாங்கிக்கொண்டிருப்பாள். நீங்கள் அனுப்பாத ஒரு வரியின் விலை அந்த வீட்டில் அரை வருடச் சம்பளம்.

எங்கள் ஊர் ஜவுளிக்கடைகளில் வேலை கேட்டுப் போனால், கல்லாவில் இருக்கும் முதலாளி நிமிர்ந்து பார்த்து, "ஆடிக்கு ஆள் எடுத்தாகிவிட்டது தம்பி, தீபாவளிக்கு முன்னால் வந்து பார்" என்பார். முகத்தில் அடித்தாற்போல் இருந்தாலும், கேட்டவன் அடுத்த கடைக்கு நடக்கலாம். பல மாடிக் கட்டடத்தில் தனித் துறையே வைத்துக்கொண்டிருக்கும் உங்களால் இது முடியவில்லை.

சொல்லாமல் விட்டால் வேறொன்றும் நடக்கிறது. காரணம் தெரியாதவர்கள் தாங்களே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். அந்தப் பெண்ணிடம் உங்கள் தொலைபேசிச் சுற்றில், திருமணம் எப்போது, திருமணத்துக்குப் பிறகும் வேலைக்கு வருவாயா என்று கேட்டார்கள். 26 வாரப் பேறுகால விடுப்பை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஆட்சேர்ப்பில் பெண்களிடம் பாகுபாடு கூடாது என்று 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே சொன்னது. அதன் இடத்தில் வந்த 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. திருமணத்தைப் பற்றிச் சரியாகப் பதில் சொல்லாததால்தான் வேலை போயிற்று என்று அவள் இன்றுவரை நம்புகிறாள். உண்மையில் அவளைவிட நன்றாகத் தேர்வு எழுதிய இன்னொருத்தி இருந்திருக்கலாம். அதை யார் அவளுக்குச் சொல்வது?

இன்னொரு பையனிடம் எந்த ஊர் என்று கேட்டார்கள். சொன்னான். அந்த ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார்கள். திருநெல்வேலிப் பக்கத்தில் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டால் என்ன தெரிந்துகொள்ளக் கேட்கிறார்கள் என்று பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். உங்கள் அதிகாரி வெளியூர்க்காரராக இருக்கலாம், முகவரி சரிபார்க்கத்தான் கேட்டிருக்கலாம் என்று நினைத்துக்கொள்ளவே நான் விரும்புகிறேன். அந்தப் பையன் அப்படி நினைக்கவில்லை. பலகைக்கு அந்தப் பக்கம் சட்டென்று குரல் தாழ்ந்துபோனது எனக்கே கேட்டது. அவனுக்கும் உங்களிடமிருந்து பதில் இல்லை. இப்போது அவன் ஊரில் உங்கள் நிறுவனத்தைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

2023 டிசம்பரை நினைவுபடுத்துகிறேன். மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியது. அந்த வாரத் தேர்வுகளைத் தள்ளிவைப்பதாக நீங்கள் உடனே செய்தி அனுப்பினீர்கள். முறையான செயல். இரண்டு வாரம் கழித்து, 17, 18 தேதிகளில் எங்கள் பக்கம் மழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரையை மீறி நெல்லை சந்திப்புப் பேருந்து நிலையத்துக்குள் நின்றது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நூற்றுக்கணக்கான பயணிகளோடு சிக்கிக்கொண்டது. நான்கு மாவட்டங்களுக்குப் பள்ளி விடுமுறை. மின்சாரம் இல்லை, பல இடங்களில் கைப்பேசிக் கோபுரங்களும் செத்துப்போயின. அந்தத் திங்கட்கிழமை, 18-ஆம் தேதி காலை, சீவலப்பேரிப் பக்கத்து இளைஞன் ஒருவனுக்கு உங்கள் இணையவழித் தேர்வு. அவன் குடும்பம் மேடான இடம் தேடிப் போய்க்கொண்டிருந்தது. கைப்பேசிக்கு உயிர் வந்தபோது உங்கள் மின்னஞ்சல் காத்திருந்தது: தேர்வுக்கு வரவில்லை, இன்னும் ஆறு மாதத்துக்கு விண்ணப்பிக்க முடியாது.

சரி, இயந்திரம் அனுப்பியது. விளக்கி எழுதலாம் என்று என் கடையில் உட்கார்ந்து பணிவாக ஒரு கடிதம் தட்டச்சு செய்தோம். அனுப்பியதும் திரும்பி வந்துவிட்டது. உங்கள் மின்னஞ்சலின் அடியில் பொடி எழுத்தில் இருந்த வரியை அப்போதுதான் பார்த்தோம்: இந்த முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம். தளத்தில் இருந்த தொலைபேசி எண்ணை அழைத்தால் ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று போய்க் கடைசியில் ஒரு பாட்டு. சென்னை வெள்ளத்துக்குத் தேர்வு தள்ளிப்போகும், நெல்லை வெள்ளத்துக்கு ஆறு மாதத் தடை என்பது உங்கள் கொள்கை என்று நான் நம்பவில்லை. உங்கள் அலுவலகத்தின் ஜன்னல் வழியாகச் சென்னை மழை தெரிந்தது, எங்கள் மழை தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் தெரியப்படுத்தவும் வழி வைக்கவில்லையே.

இதே வகையில் ஒரு வேடிக்கையும் நடந்தது. தேர்வு எழுதுகிறவரைக் கேமரா வழியாகக் கண்காணிக்கும் மென்பொருள் ஒன்றை வைத்திருக்கிறீர்கள். அறையில் இரண்டாவது நபர் இருப்பதாகச் சொல்லி அது ஒரு பெண்ணின் தேர்வைப் பாதியில் மூடிவிட்டது. அறையில் யாரும் இல்லை. சுவரில் திருச்செந்தூர் முருகன் காலண்டர் தொங்கியது. முகம் தெளிவாக, புன்னகையோடு. முருகன் விடை சொல்லிக் கொடுத்திருந்தால் அவள் தேறியிருப்பாள் என்று கடையில் சிரித்தோம். அவள் பெயருக்கு நேரே முறைகேடு என்று பதிவாகியிருப்பதை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது. காலண்டரை அன்றே கழற்றிவிட்டேன்.

விண்ணப்பப் படிவத்தைப் பற்றி நிறையச் சொல்லலாம், ஒன்றோடு நிறுத்துகிறேன். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சதவீதம் கட்டாயம் என்று வைத்திருக்கிறீர்கள். கொரோனாவால் 2021-இல் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடக்கவில்லை. அந்த ஆண்டுப் பிள்ளைகளின் சான்றிதழில் தேர்ச்சி என்று மட்டும் இருக்கும், மதிப்பெண் இருக்காது. டிப்ளமோ படித்த ஒரு பையன் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் படிவம் நகர மறுக்கிறது. பூஜ்யம் போட்டால் தகுதி இல்லை என்கிறது. வாய்க்கு வந்த எண்ணைப் போட்டால் சான்றிதழ் சரிபார்ப்பில் பொய்யன் ஆவான். என்ன செய்வது என்று என்னைக் கேட்டான். நான் யாரைக் கேட்பேன்? அந்த ஓர் ஆண்டின் பிள்ளைகள் மாநிலம் முழுக்க இருக்கிறார்கள். உங்கள் அலுவலகத்தில் யாருமே அந்த ஆண்டுச் சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்த்ததில்லையா?

காது கேளாத ஓர் இளைஞனுக்கு உங்கள் முதல் சுற்று தொலைபேசி அழைப்பு. மூன்று முறை அழைத்தோம், எடுக்கவில்லை என்று விண்ணப்பத்தை மூடிவிட்டீர்கள். காது கேளாதவர் என்று படிவத்திலேயே எழுதியிருந்தான். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து காது கேளாதோர் பள்ளி நடக்கிற பாளையங்கோட்டைக்கு வந்து மேஜை போட்டு ஆள் எடுக்கிறீர்கள். அப்படி ஒருவன் வரிசையில் நிற்பான் என்று எதிர்பார்த்திருக்க வேண்டாமா? தனியார் நிறுவனங்களும் மாற்றுத்திறனாளிகளுக்கான சம வாய்ப்புக் கொள்கையை வகுத்து வைத்திருக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. உங்களிடமும் எங்கேயோ ஒரு கோப்பில் அது இருக்கும்.

நேர்முகச் சுற்றுக்குச் சென்னைக்குக் கூப்பிடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கிருந்து போக 650 கிலோமீட்டர். தட்கல் கிடைக்காவிட்டால் நெல்லை எக்ஸ்பிரஸின் பொதுப்பெட்டியில் இரவு முழுக்கக் கால் மரத்துப்போக உட்கார்ந்து, காலையில் ஒரு விடுதியில் குளிக்க மட்டும் காசு கொடுத்து, இஸ்திரி கலையாமல் பையில் வைத்திருந்த சட்டையை மாட்டிக்கொண்டு பழைய மகாபலிபுரம் சாலைக்கு பஸ் ஏற வேண்டும். வீரவநல்லூர்ப் பையன் ஒருவன் அப்படிப் போனான். வாசல் காவலாளியின் பட்டியலில் அவன் பெயர் இல்லை. பார்க்க வேண்டிய அதிகாரி விடுமுறையாம். தேதியை மாற்றிச் செய்தி அனுப்பியிருந்தீர்கள், அவன் ரயில் ஏறிய பிறகு. புதிய தேதிக்கு அவன் போகவில்லை. கையில் காசு இல்லை. அதையும் நீங்கள் வராதவர் என்றுதான் குறித்திருப்பீர்கள். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் 2011-இலேயே அலுவலகம் திறந்துவிட்டது. திருநெல்வேலிப் பக்கம் கங்கைகொண்டானில் அரசு நிறுவனமான எல்காட்டின் தகவல் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. முகாமுக்கு இரண்டு நாள் வந்து தங்குகிற நீங்கள், கடைசிச் சுற்றுக்கும் ஒரு நாள் வந்து பாளையங்கோட்டையில் உட்கார்ந்தால் குறைந்துபோக மாட்டீர்கள்.

இனி நான் சொல்வது உங்கள் பெயருக்கே கெடுதல் என்பதால் கவனமாகப் படியுங்கள். பதில் வராமல் காத்திருக்கும் பிள்ளைக்கு ஒரு நாள் வாட்ஸ்அப்பில் உங்கள் சின்னம் பொறித்த நியமன ஆணை வருகிறது. மடிக்கணினிக்கு முன்பணம் என்று ஒரு தொகை கேட்கிறார்கள். திருப்பித் தருவோம் என்கிறார்கள். மோசடிதான். விண்ணப்பமே போடாதவன் அதைப் பார்த்ததும் தள்ளிவிடுவான். நான்கு சுற்று முடித்துவிட்டுக் காத்திருப்பவன் எப்படித் தள்ளுவான்? அவனுக்கு அது எதிர்பார்த்த கடிதம். உண்மையான நிறுவனம் எழுதாத கடிதத்தை மோசடிக்காரன் எழுதுகிறான். அப்படி ஒருவன் தாயின் சங்கிலியை அடகு வைத்த பிறகுதான் என்னிடம் வந்தான். இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்தோம். உங்களுக்கும் தெரிவிக்கப் பார்த்தோம். அந்த முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம் என்றிருந்ததை முன்னமே சொன்னேன்.

போன முகாமில் உங்கள் அதிகாரி ஒருவர் கல்லூரி ஆசிரியர்களிடம் குறைபட்டுக்கொண்டதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். "இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் அரசு வேலை, அரசு வேலை என்று டிஎன்பிஎஸ்சி வகுப்புக்கு ஓடுகிறார்கள், தனியார் துறைக்கு வர மாட்டேன் என்கிறார்கள்" என்றார். நிரந்தர வேலை, ஓய்வூதியம், மாப்பிள்ளைச் சந்தை என்று வழக்கமான காரணங்களை ஆசிரியர்கள் சொன்னார்கள். அவையும் உண்மைதான். ஆனால் என் கடையில் இரண்டு வகை விண்ணப்பங்களையும் போடுகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த காரணம் வேறு. 2024 ஜூன் 9-ஆம் தேதி நடந்த குரூப் 4 தேர்வை 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். எத்தனை இடங்கள் என்பது முதலிலேயே அறிவிப்பில் இருந்தது. அக்டோபர் 28-ஆம் தேதி முடிவு வந்தது. தோற்றவனும் தன் பதிவெண்ணைப் போட்டு, எத்தனை மதிப்பெண், எத்தனையாவது இடம் என்று பார்த்தான். அன்று என் கடையில் அழுதவர்கள் உண்டு. அழுதுவிட்டு, அடுத்த தேர்வுக்குப் படிப்பதா, டிராக்டர் ஓட்டுவதா, கல்யாணத்துக்குச் சம்மதிப்பதா என்று அடுத்த வாரமே முடிவு செய்தார்கள். தாமதம், வழக்கு என்று தேர்வாணையத்தின் மேல் எனக்கும் ஆயிரம் குறை உண்டு. ஆனால் அவர்கள் 15 லட்சம் பேருக்கு ஐந்து மாதத்துக்குள் சொன்னதை, நீங்கள் ஒரு முகாமில் பயோடேட்டா வாங்கிய சில நூறு பேருக்கு ஒரு வருடமாகியும் சொல்லவில்லை.

உங்கள் பதில் என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வருகிறது, எல்லோருக்கும் காரணம் எழுத முடியாது. எழுதினால் வழக்கு வரும் என்பீர்கள். காரணம் யாரும் கேட்கவில்லை. நள்ளிரவில் விண்ணப்பித்தாலும் அடுத்த நிமிடமே கிடைத்தது என்று மின்னஞ்சல் அனுப்புகிற இயந்திரம் உங்களிடம் இருக்கிறது. தேர்வானவரின் பெயரைச் சேர்க்கும் அதே நாளில் மற்றவர்களுக்கு இல்லை என்று அனுப்பவும் அதே இயந்திரத்தால் முடியும். சேர்ந்தவர் யாராவது பாதியில் ஓடிவிட்டால் மாற்று ஆள் வேண்டுமே என்று சிலரைக் கிடப்பில் வைத்திருக்கிறீர்கள் என்றும் கேள்விப்படுகிறேன். வைத்துக்கொள்ளுங்கள். காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறீர்கள், இந்தத் தேதி வரைக்கும்தான் என்று அவர்களிடமும் சொல்லிவிடுங்கள். அதற்குள் வேறு வேலை கிடைத்தால் போகலாமா என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அடுத்து நடக்கப்போகும் முகாமுக்கும் உங்கள் நிறுவனம் வருவதாகப் பட்டியலில் பார்த்தேன். மேஜையில் வண்ண விளம்பரத் தட்டியோடு சேர்த்து ஒரு சாதாரணத் தாளையும் ஒட்டி வையுங்கள். எத்தனை இடங்கள், எந்த ஊரில் வேலை, கையில் வரும் சம்பளம் எவ்வளவு, எத்தனை சுற்று, முடிவு எந்தத் தேதியில் தெரியும், சந்தேகம் கேட்க ஆள் இருக்கும் எண் எது என்று அதில் எழுதுங்கள். அந்த எண்ணை யாராவது எடுக்க வேண்டும். 2021-இல் பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்குப் படிவத்தைத் திருத்திவிட்டு வாருங்கள். திருமணம் எப்போது, எந்தத் தெரு என்ற இரண்டு கேள்விகளையும் உங்கள் ஆட்களின் தாளிலிருந்து அடித்துவிடுங்கள்.

அதற்கும் முன்னால், பச்சை எழுத்தில் நிற்கும் பழைய விண்ணப்பங்களை ஒருமுறை திறந்து முடித்துவையுங்கள். முக்கூடல் பெண் இந்தச் சனிக்கிழமையும் கடைக்கு வருவாள். வெள்ளிக்கிழமைக்குள் செய்தால் நல்லது.

இப்படிக்கு,
கணினி மையக்காரன்,
அம்பாசமுத்திரம்.